மூன்றாம் போர்டில் ஒன்பது நகர்த்தல்

போன மாதம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். தேக்குக் கட்டை, மேலே பித்தளைத் தகடு. 'முப்பத்து நாலு வருடம் ஒரு பிழையும் இல்லாத செஸ் நடுவர் முத்தையா அண்ணாச்சிக்கு' என்று மலையாளத்தில் பொறித்திருக்கிறது. தகட்டை நாலு திருகாணியால் பிடித்திருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு மரை தேய்ந்துபோயிருக்கிறது. சாலை என்கிற கடைத்தெருவில் ஹார்டுவேர் கடையில் இருபத்தெட்டு வருடம் நின்றவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

இப்போதுள்ள நடுவர்கள் எல்லாம் படித்தவர்கள். அவர்களுடைய ஆண்டு மலருக்காக என்னிடம் கேட்டார்கள்: "அண்ணாச்சி, இப்பொ போர்டே மூவை ஸ்கிரீனுக்கு அனுப்புது. காய் மாறி இருந்தா உடனே காட்டிக்கொடுக்குது. நீங்க இதொண்ணும் இல்லாம தொண்ணூறு போர்டையும் எப்படிப் பாத்தீங்கன்னு எழுதித் தரணும்." எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கு விஷயம் உண்டு. கூடவே அந்தத் தகட்டில் ஒரு திருத்தமும் உண்டு.

நான் ஏழாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் இங்கே கேரளத்துக்கு வந்து, ஆணியும் போல்டும் தரம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தேன். சாக்குக்குள் கையை விட்டால் கால் அங்குலமா ஆறு மில்லியா என்று விரல் சொல்லிவிடும். இந்த ஊரில் அப்படிச் சொல்ல இன்னொருத்தன் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

ஒரு நாள் மதியம் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு மரக் கடிகாரம்; அதற்கு இரண்டு முகம். இடது முகம் ஓடுகிறது, வலது முகம் நிற்கிறது.

"இதுக்கொரு ஸ்க்ரூ வேணும், ஓய்," என்றார்.

நான் காதில் வைத்துக் கேட்டேன். "ஸ்க்ரூ இல்ல சாமி. உள்ள ஒரு லீவர் வளைஞ்சிருக்கு."

"எப்படித் தெரியும்?"

"தட்டுது, ஆனா விடல. கேளுங்க."

குறடால் நிமிர்த்திக் கொடுத்தேன். அவர் இரண்டு பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுமாதிரி இன்னும் இருபத்தாறு இருக்காக்கும். ஞாயித்துக்கிழமை வரீரா?"

அவர்தான் சங்கரநாராயணன் சார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், கணக்கு அலுவலகத்தில் அதிகாரி, மாநிலத்தில் மூத்த செஸ் நடுவர். நான் கடிகாரம் பழுது பார்க்கப் போனேன். போட்டி நடக்கிற ஹாலில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆட்டம் கற்றேன். ஆட்டத்தைவிடச் சட்டம் எனக்குப் பிடித்தது. நடுவர் பரீட்சை இங்கிலீஷில். முதல் தடவை தோற்றேன். பிறகு சட்டப் புத்தகம் முழுவதையும் ஒருவரை வாசிக்கச் சொல்லி, எண்ணோடு மனப்பாடம் செய்தேன். இரண்டாவது தடவை எனக்குக் கிடைத்த மார்க் அந்த அறையில் இருந்த இரண்டு வக்கீலுக்கும் கிடைக்கவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஹாலில் நான் இருப்பேன். மேஜை வரிசை, அதன்மேல் போர்டு. ஆடுகிறவனுடைய வலது கைப் பக்க மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டும். ராணி அவள் நிறத்துக் கட்டத்தில். குதிரை முகம் நேராக எதிராளியைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பிய குதிரையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. கறுப்புக்காரனுக்கு வலது பக்கம் கடிகாரம். அப்படி வைத்தால் நடைபாதையில் நின்றபடியே ஒரு வரிசைக் கடிகாரம் முழுவதையும் படிக்கலாம். பிறகு பேர் எழுதிய சீட்டு, நகர்த்தல் எழுதும் தாள், பேனா. தொண்ணூறு போர்டு, ஐம்பது நிமிடம், ஒற்றை ஆள். கடைசியில் சார் வருவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லா வரிசையிலும் நடப்பார். எங்கேயாவது ஒரே ஒரு போர்டின் முன்னால் நின்று, ஒரு சிப்பாயைச் சுண்டுவிரலால் நெல்முனை அளவு நகர்த்தி நடுவில் வைப்பார். மற்ற எண்பத்தொன்பதும் சரி என்று அதற்கு அர்த்தம்.

சண்டை வந்தாலும் அவர் குரல் உயராது. ஒரு தடவை ஒரு டாக்டர் பிஷப்பைத் தொட்டுவிட்டு, தொடவே இல்லை என்று சாதித்தார். எதிராளி ஹாலே கேட்கக் கத்தினார். சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுடைய உயரத்துக்கு உட்கார்ந்தார். முதலில் என்னைப் பார்த்து, "மணி என்ன?" அடுத்தது, "எத்தனாவது மூவ்?" எந்த வழக்கானாலும் இந்த இரண்டு கேள்விதான் முதலில். அதைக் குறித்துக்கொண்ட பிறகு டாக்டரிடம் ஒரு வாக்கியம் கேட்டார்: "உம்ம கை எங்கேந்து எங்கே போச்சு?" எதிராளியிடமும் அதே வாக்கியம், அதே தாழ்ந்த குரல். டாக்டர் தன் கையைக் காற்றில் நகர்த்திக் காட்டினார். அந்தக் கை நேராக பிஷப்பின் தலைக்குத்தான் போனது. "பிஷப்பை ஆடும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் கடையில் இத்தனை முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

இப்போது தகட்டுக்கான திருத்தத்துக்கு வருகிறேன்.

விழிஞ்ஞத்தில் சில்வெஸ்டர் என்று ஒருவர். மீன்பிடிப் படகின் இன்ஜின் பழுது பார்க்கிறவர். படகை ஏற்றும்போது இரும்புக் கப்பி விழுந்து வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. காலை நீட்டித்தான் உட்கார முடியும். எங்கள் ஹாலில் மேஜைக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நடைபாதை. அதனால் எந்தப் போட்டியானாலும் சில்வெஸ்டருக்கு நடைபாதைப் பக்கத்து நாற்காலி என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த ஏற்பாடு என்னுடையது. அவர் நாற்காலி மாறாது. ஆகவே அவருக்கு வெள்ளை வந்தால் போர்டை ஒரு பக்கமாகவும், கறுப்பு வந்தால் மறுபக்கமாகவும் நான் திருப்பி வைக்க வேண்டும்.

மாநிலப் போட்டியில் முதல் நாலு பேர் மாநில அணிக்குப் போவார்கள். போகிறவர்களுக்கு முதுகில் கேரளம் என்று எழுதிய நீலச் சட்டை. சில்வெஸ்டர் நாற்பது வயது தாண்டியவர், இரண்டு தடவை ஐந்தாம் இடத்தில் நின்றவர். அவருக்கு வேண்டியது அந்தச் சட்டை ஒன்றுதான். அந்த வருடம் ஏழு சுற்று. ஆறு முடிந்தபோது கணக்கு தெளிவாக இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அவருக்கு நாலாம் இடம். டிரா ஆனாலும் கிடையாது.

காலைச் சுற்று நீண்டுவிட்டது. கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்ற பட்டியல், ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதுதான் மாடிப்படியில் ஒட்டப்பட்டது. படி முழுக்கக் கூட்டம். சில்வெஸ்டர் தடியை ஊன்றிக்கொண்டு கீழேயே நின்றார்.

"அண்ணாச்சி, எனிக்கு ஏது போர்டு?"

"மூணு. எதிரே அந்த எறணாகுளத்துக் காலேஜ் பையன், அபிஜித்."

"கலர்?"

"கறுப்பு. கழிஞ்ச ரவுண்டு வெள்ளையில்லா ஆடுன?"

"கறுப்பெங்கில் கறுப்பு. ஜெயிச்சா சட்டை, அல்லே?"

"ஆடிட்டு வா, பொறவு சட்டைக்கு அளவெடுக்கலாம்."

போர்டு எண்ணை நான் பட்டியலில் பார்த்திருந்தேன். நிறத்தைப் பார்க்கவில்லை. ஒரு சுற்று வெள்ளை என்றால் அடுத்தது கறுப்பு, அதுதான் வழக்கம். தொண்ணூறு போர்டையும் மனதில் வைத்திருக்கிறவன் நான். எனக்கு எதற்குப் பட்டியல்? போர்டைத் திருப்பினேன், சீட்டையும் மாற்றி வைத்தேன். ஆனால் ஆறாவது சுற்றில் அபிஜித்தும் வெள்ளைதான் ஆடியிருந்தான். இரண்டு பேரில் ஒருத்தருக்கு மறுபடியும் வெள்ளை வந்துதான் ஆக வேண்டும். அது சில்வெஸ்டருக்கு வந்திருந்தது. இது எனக்குத் தெரியாத சட்டமில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அபிஜித் வந்தான். சீட்டைப் பார்த்தான், வெள்ளைக் காய்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். உட்கார் என்று நான் தலையாட்டினேன். உட்கார்ந்தான்.

இரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. குயின்ஸ் கேம்பிட் என்ற ஓப்பனிங். வெள்ளை ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, பக்கத்துச் சிப்பாயைத் தியாகம்போல நீட்டுவது. சில்வெஸ்டர் அதை எடுக்காமல் மறுத்து, ராஜாச் சிப்பாயால் முட்டுக் கொடுத்தார். பையன் பிஷப்பைக் கொண்டுவந்து கறுப்புக் குதிரையைக் கட்டினான். அந்தக் குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும். சில்வெஸ்டர் ஒன்றும் தெரியாதவர்போல மற்றக் குதிரையைப் பின்னால் வைத்துவிட்டு, நடுவில் நின்ற சிப்பாயைக் காவல் இல்லாததுபோலக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் கறுப்பு ஆடுவதற்குத் தயாராகி வந்தவன், வெள்ளையில் அவசரமாகக் கைபோன போக்கில் ஆடினான். ஆறாவது நகர்த்தலில் குதிரையால் அந்தச் சிப்பாயை அடித்தான்.

சில்வெஸ்டர், கட்டிப்போட்டிருந்த குதிரையாலேயே அதைத் திருப்பி அடித்தார். பையன் ராணியை வெட்டினான். உடனே சில்வெஸ்டரின் பிஷப் ராஜாவுக்குச் செக் சொன்னது. குறுக்கே வைக்கப் பையனுக்கு ராணியைத் தவிர வேறு காய் இல்லை. ராணிக்கு ராணி சரியாகிவிட்டது. தூசி அடங்கியபோது கறுப்புக்கு ஒரு குதிரை லாபம், போனது ஒரு சிப்பாய். அந்தத் தரத்தில் அது ஜெயித்த ஆட்டம். இதெல்லாம் பழைய பொறிதான், புத்தகத்தில் உள்ளது. ஆனால் கடைசிச் சுற்றில் மூன்றாம் போர்டில் அது விழுந்து நான் பார்த்ததில்லை. எனக்கே கை தட்ட வேண்டும்போல இருந்தது.

முடிவு எழுதும் தாளில் போர்டு எண்களைச் சரிபார்க்கலாம் என்று என் மேஜைக்குப் போனேன். தாளில் இடது பக்கப் பேர் வெள்ளை, வலது பக்கப் பேர் கறுப்பு. மூன்று: சில்வெஸ்டர், அபிஜித்.

இன்னொரு தடவை படித்தேன். சில்வெஸ்டர், அபிஜித்.

சட்டம் இதுதான். நிறம் மாறி ஆட்டம் தொடங்கியிருந்தால், இரண்டு பேரும் பத்து நகர்த்தல் முடிப்பதற்கு முன்னால் கண்டுபிடித்தால் அந்த ஆட்டம் ரத்து. சரியான நிறத்தில் புதிதாக ஆட வேண்டும். பத்து முடிந்துவிட்டால் ஆட்டம் அப்படியே தொடரும், கிடைக்கிற முடிவு செல்லும்.

மூன்றாம் போர்டுக்கு நடந்தேன். சில்வெஸ்டரின் தாளைப் பார்த்தேன். ஒன்பது. பையனுடைய தாளிலும் ஒன்பது. பத்தாவதைப் பையன் ஆட வேண்டும். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சில்வெஸ்டர் போர்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வெளியே வராமல் உதட்டைக் கடித்திருந்தார். நீட்டிய காலின் பாதம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பையன் எதை ஆடினாலும் அவர் ஒரு நொடியில் பதில் ஆடுவார். அதோடு பத்து முடிந்துவிடும். சட்டை அவருக்கு.

சார் அந்தக் கோடியில் நாற்பதாம் போர்டில் யாருக்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தவன் நான் ஒருத்தன். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற நேரம் போதும். பிறகு பார்த்ததாகச் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு வில்லையைத் துடைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், ஒரு வில்லையைத் துடைத்தேன். மற்றதைத் துடைக்கவில்லை. பையனுடைய கை தலையிலிருந்து இறங்கி ராஜாச் சிப்பாயை நோக்கி வந்தது. அது தொடுவதற்குள் நான் கடிகாரத்தை அமுக்கி நிறுத்திவிட்டேன்.

சில்வெஸ்டர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். "எந்தா அண்ணாச்சி, இவன்டெ மொபைல் அடிச்சோ?"

"இல்ல. எந்திரிக்காத. அப்படியே இரு."

கையைத் தூக்கினேன். சார் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மணி என்ன?"

"ரெண்டு அம்பத்திரெண்டு."

"எத்தனாவது மூவ்?"

"ஒம்பது சார். ரெண்டு பேருக்கும் ஒம்பது."

"என்ன விஷயம்?"

"கலர் மாறிப் போச்சு. நான்தான் மாத்தி வச்சேன். சில்வெஸ்டர்கிட்ட கறுப்புன்னு சொன்னதும் நான்தான்."

சார் பையனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

"லிஸ்டில் எனிக்கு பிளாக்னு கண்டேன், சார். அண்ணாச்சியெ பாத்தேன். உக்காரச் சொல்லித் தலையாட்டினாரு. லிஸ்ட் மாறிப்போச்சுன்னு நெனச்சேன்."

சார் என் பக்கம் திரும்பினார்.

"தலையாட்டினேன் சார்," என்றேன்.

அவர் போர்டை ஒரு நிமிடம் பார்த்தார். குதிரை லாபத்தை அவரும் கண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இந்த ஆட்டம் ரத்து. கலர் மாத்தி முதல்லேந்து. மூணு இருபதுக்குத் தொடங்கலாம்."

சில்வெஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "சாரே, ஒரு மூவ். ஒரேயொரு மூவ் அல்லே பாக்கி?"

"அந்த ஒரு மூவ்தான் சட்டமாக்கும், சில்வெஸ்டர்."

அவர் சாரிடமிருந்து திரும்பினார். என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி சொன்ன கலர்லதானே நான் இருந்தது?"

"ஆமா."

"அப்போ அண்ணாச்சிக்கு மூவை எண்ணாம இருந்திருக்கலாமே."

பேச்சில் என்னை மடக்கியவர்கள் சாலைக் கடைத்தெருவில் அதிகம் பேர் இல்லை. அன்று போர்டைத் திருப்பி வைக்கக் குனிந்தேன்.

புதிய ஆட்டத்தில் சில்வெஸ்டருக்கு வெள்ளை. அபிஜித் ஒரு தடவை சூடு பட்டவன். ஒவ்வொரு காயையும் தொடுவதற்கு முன்னால் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். சுவர்போல ஒரு ஓப்பனிங். சில்வெஸ்டர் மூன்று மணி நேரம் அந்தச் சுவரை முட்டினார். ஹாலில் மற்ற எல்லாரும் முடித்துப் போய்விட்டார்கள். கடைசியில் இரண்டு ராஜாக்களும் ஒரு சிப்பாயும் மிச்சம். டிரா. ஐந்தாம் இடம். தாளில் கையெழுத்துப் போட்டார், தடியை எடுத்தார், நான் நீட்டிய கையைப் பார்க்காமல் போனார்.

அன்று மாலையே நான் அறிக்கை எழுத வேண்டும். என் இங்கிலீஷ் எல்லாம் பெரிய எழுத்து. 'மூன்றாம் போர்டு தவறாக வைக்கப்பட்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"யார் வச்சா? மேஜை தானா திரும்பித்தா, ஓய்?"

என் பேரைப் போட்டு மறுபடி எழுதினேன். சார் வாங்கிப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி முதலில் எனக்குத் தந்தார். அத்தனை வருடத்தில் அவருடைய பிளாஸ்கிலிருந்து நான் குடித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருடத்திலிருந்து நான் யாருக்கும் நிறத்தை வாயால் சொன்னதில்லை. பட்டியலை இடது கையில் பிடிக்காமல் ஒரு போர்டையும் திருப்பியதில்லை. சில்வெஸ்டருக்கு மட்டும் பட்டியலையே கீழே கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் விரலை வைத்துத் தன் பேரைத் தேடிப் பார்ப்பார், தலையாட்டுவார், போய் உட்கார்வார். பிறகும் நாலு வருடம் ஆடினார். ஐந்தாம் இடத்துக்குப் பக்கத்தில்கூட மறுபடி வரவில்லை.

முப்பத்து நாலு வருடத்தில் என் பிழை அந்த ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்ததும் நான்தான், வேறு யாரும் இல்லை. ஒற்றை ஆளாகத் தொண்ணூறு போர்டு வைத்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டுப் பிறகு என்னைக் குறை சொல்லுங்கள்.

போன மாதம் கேடயம் கொடுக்கும்போது தகட்டில் உள்ளதை மைக்கில் வாசித்தார்கள். 'ஒரு பிழையும் இல்லாத' என்றதும் பின் வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடைபாதையில் நீட்டிய ஒரு கால் தெரிந்தது. சார் இப்போது மகனோடு பெங்களூரில். அந்த ஹாலில் அதற்குச் சிரிக்கத் தெரிந்தவர் சில்வெஸ்டர் ஒருவர்தான்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு தாள். ஆடுகிறவன் எழுதும் தாளுக்கு அடியில் பிரதி விழும், அது அவனுக்கு. ஒன்பது வரி, அதற்குக் கீழே வெறுமை.

"இதுல ரிசல்ட் இல்லே, அண்ணாச்சி."

"இதுக்கு ரிசல்ட் போட முடியாதுடே. சட்டம் விடாது."

"அது எனிக்கும் தெரியும். நடுவர் கையெழுத்தாவது வேணும். என்ன நடந்துதோ அத எழுதித் தாங்க. வீட்ல யாரும் விஸ்வசிக்கலே."

பேனாவை வாங்கினேன். பெரிது பெரிதாக, தமிழில் எழுதினேன்: 'ஒன்பது நகர்த்தல். கறுப்புக்கு ஒரு குதிரை கூடுதல். ஆட்டம் ரத்து. போர்டை மாற்றி வைத்தது நடுவர். முத்தையா.'

அவருக்குத் தமிழ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். குதிரை என்ற இடத்தில் நின்று மறுபடி ஒரு தடவை படித்தார். உறையில் போடப் போனவர், தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"மணி எழுதலியே."

யாரிடமும் கேட்காமல் எழுதினேன். இரண்டு ஐம்பத்திரண்டு.